செஞ்சிக் கோட்டையிற் கட்டட வகைகள்

திண்டிவனத்தினின்று திருவண்ணாமலை நோக்கி மேற்கே செல்லும் நெடுஞ்சாலையிற் செஞ்சியை அணுகுவார்க்கு முதற்கண் தோன்றுவன பாறைமேற் பாறை அடுக்கிவைத்தாற் போன்ற மூன்று மலைகளாம். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன் துர்க்கம் என வழங்கும் அம்மூன்றனையும் பிணித்து மதிலொன்று ஓடுகின்றது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். மதிலகத்தே கோயில்களும், மாளிகையும், களஞ்சியங்களும், கொட்டில்களும், குளங்களும், பள்ளிவாசலும் சிதைந்தும் சிதையாமலும் நிற்கின்றன.

செஞ்சி என்றவுடன் தமிழ் மக்கள் நெஞ்சில் எழுவது தேசிங்குராசன் கதையே. வழிகாட்டுவோர் எக்கட்டடத்தைக் காட்டினும் 'இது தேசிங்கு கட்டியது' என்று சொல்லி மேற்செல்வர். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்து 1714ஆம் ஆண்டு போர்க்களத்தில் உயிர் துறந்த அவ்விளைஞன் செஞ்சியை ஆண்டது ஓராண்டிற்கும் குறைந்த காலமே. அத்துணைச் சிறுபொழுதில் இத்துணைக் கட்டடங்களையும் ஒருவன் எடுத்தல் யாங்ஙனம்? வீரத்தைப் போற்றுதல் வேறு. கல்லும் சுண்ணமும் கூறும் செய்தியைக் கேட்டல் வேறு. 'கட்டியவர் யார்' என்னும் வினாவிற்கு முன்னர்க் கேட்கற்பாலது 'இஃது எவ்வகைக் கட்டடம்' என்பதாம். வகை தெரிந்தவழிக் காலமும் பயனும் பெரும்பாலும் தாமே விளங்கும்.

கட்டடங்களை வகைப்படுத்திக் காணும் முறை மேலைநாட்டார் கற்பித்ததென்று கருதுவாருளர். பிரெஞ்சு நாட்டுக் கட்டடக்கலை ஆசிரியர் தூரான் என்பார் 1800ஆம் ஆண்டளவில், உலகத்துப் பல நாட்டுக் கோயில், அரண்மனை, சந்தை, அரங்கு ஆகியவற்றை இனம் இனமாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வரைந்து வெளியிட்டார் என்பது உண்மையே. எனினும் அதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே திருநாவுக்கரசு சுவாமிகள் அடைவு திருத்தாண்டகத்தில் திருக்கோயில்களை வகைபெற எண்ணியருளினார். பெருங்கோயில்கள் எழுபத்தெட்டு எனத் தொகை கூறி, அவற்றின் வேறாகக் கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என்னும் இனங்களைச் சுவாமிகள் சுட்டினார். இப்பெயர்களின் பொருள்பற்றி அறிஞர் பலபடக் கூறுவர். மேலைக்கடம்பூர்க் கரக்கோயில் குதிரை பூட்டிய தேர்வடிவில் நிற்பதைக் கண்டார் வடிவுபற்றிய பெயரென்பர். திருக்கச்சூர் ஆலக்கோயிலை நோக்கினார் மரம்பற்றிய பெயரென்பர். இளங்கோயிலோ, திருப்பணிக் காலத்தே மூலத்திருமேனியின் அருளாற்றலை எழுந்தருளுவித்து வழிபடும் பாலாலயமே என்பாருமுளர். குடமுழுக்குக் காணும் அன்பர்க்கு அவ்விளக்கம் புதிதன்று. பாலாலயத்தில் விளக்கேற்றி வழிபட்டவரே இன்று பெருங்கோயிலிற் கலசநீர் தலைமேற் கொள்கின்றனர்.

சிற்பநூல்கள் இதனை இன்னும் நுணுகிச் செய்தன. தலையமைப்பு சதுரமாயின் நாகரம், எண்பட்டை முதலியவாயின் திராவிடம், வட்டமாயின் வேசரம் என்றன. நிலைக்கணக்கால் ஒருநிலை, இருநிலை என மேன்மேல் எண்ணின. கல், செங்கல், மரம் என்பவற்றுள் ஒன்றானே ஆயது சுத்தம், இரண்டானே ஆயது மிச்சிரம், பலவானே ஆயது சங்கீர்ணம் என்றன. மனைகளையும் விட்டில, ஒருபுறம் கட்டிய ஏகசாலை, நாற்புறமும் கட்டி நடுவே முற்றம் விட்ட சதுச்சாலை என அவையும் கணக்கிடப்பட்டன. இந்நூற்பொருளை ஆங்கிலத்தில் முதன்முதல் எடுத்தெழுதியவர் தஞ்சையிற் பிறந்த இராமராசர் என்பார். அவர் எழுதிய நூல் 1834இல் இலண்டனில் அச்சேறிற்று. வடமொழி ஏடுகளின் மயங்கிய பாடங்களை, வேலை தெரிந்த சிற்பியர் துணைகொண்டே அவர் தெளிந்தார். ஏடு மட்டும் கற்றாரும், உளி மட்டும் பிடித்தாரும் தனித்துநின்று இதனைச் செய்திருத்தல் அரிது.

இனிச் செஞ்சிக்கு வருவோம். கோட்டை எழுதற்கு நெடுங்காலம் முன்னரே இந்நாட்டில் ஒருவகைக் கட்டடம் தோன்றியது. அஃது எடுத்துக் கட்டியதன்று, குடைந்து ஆக்கியது. செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தே மகேந்திரவர்ம பல்லவர், அயன் அரன் அரி என்னும் மூவர்க்கும் பாறையிற் கோயில் அகழ்ந்தார். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி அக்கோயிலை ஆக்கிய செய்தியை அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் அவர் பெருமிதத்தோடு பொறித்துள்ளார். அப்பெருமிதத்திலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. அந்நான்கு பொருள்களானும் கோயிலெடுத்தலே அதுகாறும் வழக்கு; அவை அழிந்தொழிந்தன. பழைய செஞ்சி எனப்படும் மேலைச்சேரியிற் சிவபெருமானுக்கு ஒரு குடைவரையுண்டு; அங்குச் சிவலிங்கமும் தாய்ப்பாறையினின்றே வடிக்கப்பட்டது. சிங்கவரத்திற் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டுள்ளார். இவற்றில் தூணும் உத்தரமும் பாரம் தாங்குவன அல்ல. மலையே தன்னைத் தாங்கிக்கொள்கின்றது. ஆயினும் சிற்பி தூணையும் உத்தரத்தையும் போதிகையையும் விடாது செதுக்கினான். மரக்கட்டடத்தின் வடிவைக் கல் மறவாமையே அதற்குக் காரணமாம்.

கோட்டையின் தொடக்கத்தை மரபுவழிச் செய்தி ஆனந்தக்கோன் என்னும் ஆயர்குலத் தலைவனோடு சார்த்தும். கிருட்டிணகிரி அக்குலத்துக் கிருட்டிணக்கோன் பெயரால் அமைந்ததென்பதும் அம்மரபே. பின்னர் விசயநகர வேந்தர்க்குட்பட்ட நாயக்கர் செஞ்சியைத் தலைநகராகக் கொண்டனர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிற் செஞ்சிக்கு வந்த பிமெந்தா என்னும் போர்த்துக்கேயப் பாதிரியார், இந்நகரத்தின் பரப்பைக் கண்டு வியந்து, தம் நாட்டில் இலிசுபன் ஒன்றே இதனினும் பெரிதென்று எழுதினார். அதன்பின் பீசப்பூரார், 1677இல் சிவாசி, 1698இல் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் எனக் கைமாறிய வரலாறு பலர் அறிந்ததே. அதனை விரிவாகக் காண விழைவார்க்குச் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி 1943இல் வெளிவந்த ஆங்கில நூல் உளது.

நாயக்கர் காலத்துச் செஞ்சியிற் காண்போர் கருத்தை ஈர்ப்பது, ஒரே மதிலகத்துள் இரண்டு கட்டட மொழிகள் அருகருகே வழங்கியமை. கோயிலென்றால் தூண்மேற் போதிகை, போதிகைமேல் உத்தரம், உத்தரத்தின்மேற் கற்பாவு, எங்கும் நேர்க்கோடு. அரசியற் கட்டடமென்றாலோ வளைவும், வில்வடிவான கூரையும், கவிகையும். முன்னது கல்லின்மேற் கல்லை அதன் பாரத்தாலேயே நிறுத்துவது. பின்னது செங்கல்லும் சுண்ணமும் ஒன்றையொன்று நெருக்கி நிற்பது. தக்காணத்துச் சுல்தானியரிடமிருந்து வந்த வளைவினை விசயநகரத்தார் அரண்மனைக்கும் யானைக் கொட்டிலுக்கும் கொண்டனர், கருவறைக்குக் கொண்டிலர். அம்பியிற் காணும் தாமரை மகாலும் பன்னிரண்டடி நடையில் அதனருகே உள்ள கோயில்களும் என்பதுபோல் மிகைபடக் கூற வேண்டா. அங்கும் இவ்விரு மொழிகளும் ஓரூரில் நின்றன என்பதே போதும். வளைவு கட்டத் தெரியாமையாற் கோயிலில் அதனை விடுத்தனர் என்றல் பொருந்தாது. தெரிந்தே விடுத்தனர். இறைவனுக்குரிய வகை இன்னது, மன்னனுக்குரிய வகை இன்னது என்ற வரையறை அவர்பால் இருந்தது.

இவ்வரையறைக்கு அடங்கியும் அடங்காதும் நிற்பது கலியாண மகால். இராசகிரியின் அடிவாரத்தே உட்கோட்டையில் இஃதமைந்துள்ளது. சதுரமான முற்றம், அதனைச் சூழ அறைகள், முற்றத்தின் நடுவே ஏறத்தாழ 80 அடி உயர்ந்த கோபுரம். நிலைதோறும் ஓர் அறை. அறையைச் சுற்றி வளைவுகளோடு கூடிய தாழ்வாரம். மேனிலைக்கு ஏறக் குறுகிய படி. உச்சியிற் கூம்பிய கூரை. பெயரோ திருமண மாளிகை. ஒரு திருமணக் கூட்டத்தில் நான்கிலொரு பங்கினர்கூட அக்கோபுர அறைகளில் அமர இயலாது. அரசமாதர் உறையும் அந்தப்புரமாக அது பயன்பட்டதென்பதே பலரும் கூறும் விளக்கம்.

இதனைக் கூறுபடுத்தி நோக்கினால் மூன்று மரபுகள் வெளிப்படும். சூழ நிற்கும் அறைகளும் முற்றமும் சிற்பநூல் கூறும் சதுச்சாலையே. தமிழகத்து நாற்கட்டு வீட்டைக் கண்டார்க்கு அஃது அயலன்று. நடுக்கோபுரம் நிலைநிலையாய் எழுந்து கூம்பிய முடியொடு நிற்றல் விமானத்தின் சாயல். வளைவுகள் தக்காணத்தார் தந்தவை. ஆயின் மூன்றும் ஒட்டுப்போட்டாற்போல் நில்லாது ஒன்றாகவே நிற்கின்றன. நாற்கட்டில் நடுவிடம் வானம் நோக்கத் திறந்திருத்தல் வேண்டும். ஈண்டு அந்நடுவிடத்தையே கோபுரம் கவர்ந்துகொண்டது. விமானத்தின் மேனிலைகள் பெரும்பாலும் மாந்தர் புகுதற்கு உரியன அல்ல. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில்போல நிலைதோறும் கருவறை அமைந்தவை சிலவே. ஈண்டோ ஒவ்வொரு நிலையும் மாந்தர் நின்று காற்று வாங்கவும், மலையையும் மதிலையும் நோக்கவும் அமைந்தது. வீட்டின் அடியும் விமானத்தின் உயரமும் கொண்டும், வீடுமன்று விமானமுமன்று என்னுமாறு ஒரு புதுவகையை அச்சிற்பி ஆக்கினான். அவன் பெயரை எக்கல்லும் கூறவில்லை.

மேனிலைகளுக்குச் சுடுமண் குழாய் வழியாக நீர் ஏற்றிய ஏற்பாடும் அங்குண்டு. பொறி எதுவுமின்றி நீர் மேலேறுமோ எனின், ஏறும். நீர் வரும் நிலை, சேரும் நிலையினும் உயர்ந்திருப்பின், குழாய் எத்துணைத் தாழ்ந்து வளைந்து வரினும் நீர் தன் மட்டத்தைத் தேடி எழும். குழாயின் பொருத்துவாய் கசியாதிருத்தலே அரிய பகுதி. சுண்ணம் அரைத்தவன் கைத்திறம் அதிலே தெரியும்.

மாளிகைக்கு அண்மையிற் களஞ்சியம் நிற்கின்றது. அதன் சுவரின் பருமனும், விற்கூரையின் கனமும் புதிதாகக் காண்பாரைத் திகைக்கவைக்கும். மலைகளின்மேலும் களஞ்சியங்களுள. சோழநாட்டுத் திருக்கோயில்களில் உள்ள நெற்களஞ்சியங்களைக் கண்டார்க்கு இவ்வடிவம் வேறாகத் தோன்றும். திருவரங்கத்துக் களஞ்சியங்கள் வட்டமானவை. திருப்பாலைத்துறைச் சிவாலயத்துக் களஞ்சியமும், தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தது, வட்டவடிவிற் கூம்பிய தலையொடு நிற்பது. மூவாயிரம் கலம் நெல் கொள்ளுமென்பர். நெல்லின் அழுத்தம் நாற்புறமும் ஒப்பப் பரவுதலின் வட்டச்சுவர் அதனை எளிதிற் தாங்கும். மூலையில் ஈரமும் புழுவும் தங்க இடமில்லை. அங்ஙனமாகவும் செஞ்சியார் நீண்ட விற்கூரைக் கட்டடத்தைக் கொண்டது என்னை? கோயிற் களஞ்சியம் அஞ்சவேண்டுவது மழையையும் எலியையும். கோட்டைக் களஞ்சியம் அஞ்சவேண்டுவது தீயையும் பீரங்கிக் குண்டையும். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை செஞ்சியை முற்றியிருந்தது. மராட்டியர் மன்னர் இராசாராம் உள்ளேயிருந்தார். அத்தகைய முற்றுகையை மதில் மட்டும் தாங்காது. உள்ளே அடுப்பெரிய வேண்டும். கிருட்டிணகிரியின்மேல் எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று காட்டப்படுவன உளவே, அவையும் இவ்வினத்தனவே. கிணறென்பது ஊற்றுடையது, இவையோ சுண்ணம் பூசிய தொட்டிகள். வடிவு நோக்கி மக்கள் கிணறென்றனர்.

பெயர் ஒன்றும் பொருள் வேறுமாக நிற்கும் இத்தன்மை செஞ்சியில் மிகுதி. வரிசை வரிசையாகச் சிறு விற்கூரை அறைகள் நிற்பதைக் குதிரைக் கொட்டில் என்பர். படைவீரர் இருக்கை என்பாருமுளர். குதிரை நிற்க வாயில் உயரம் வேண்டும், கட்டுத்தறி வேண்டும், தீனித்தொட்டி வேண்டும், நீர் அருகே வேண்டும். வீரன் உறங்கத் திண்ணையும் மாடமும் வேண்டும். இவற்றை ஒவ்வோர் அறையிலும் அளந்து பார்த்தே பெயரிடுதல் முறை. உடற்பயிற்சிக் கூடம் எனப் பலகை நாட்டப்பட்ட கட்டடத்தின் பருஞ்சுவரைக் கண்டு, இதுவும் களஞ்சியமோ என ஐயுறுவாரும் உளர். மற்போர் செய்வார்க்கு ஆளுயரச் சுவரின் பருமன் எதற்கு என்று அவர் கேட்பது தள்ளத்தக்க வினாவன்று.

அரண்மனை நின்ற இடத்தை அகழ்ந்தபோது உருக்கள் அமைந்த கல்லடித்தளங்கள் வெளிப்பட்டன; மேற்பகுதி இல்லை. ஒரே கல்லால் ஆகிய பெரும்பலகையும் கற்றிண்டும் அரசன் இருக்கையாகக் காட்டப்படுகின்றன. அடித்தளத்தை மட்டும் விட்டு மேற்பகுதி மறைந்தமைக்குக் காரணம் அஃது அழியும் பொருளால் ஆயதே ஆகலாம். மகேந்திரர் விலக்கிய அந்த மரமும் செங்கல்லும் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அரசன் வீட்டில் ஆட்சி செய்தன போலும்.

சாதத்துல்லாகான் பெயரால் 1717-18ஆம் ஆண்டைச் சார்ந்த பாரசீகக் கல்வெட்டுடன் ஒரு பள்ளிவாசலும் கோட்டையகத்தே உண்டு. அங்கே வளைவு இரவற்பொருளன்று, தன் வீட்டுப்பொருள். ஆகலின் அதன் அமைதி வேறு. மாளிகையின் வளைவையும் பள்ளிவாசலின் வளைவையும் ஒரே நாளிற் கண்டார்க்கு அவ்வேறுபாடு தெற்றெனப் புலப்படும்.

கோயில்களுட் பெரியது வேங்கடரமணர் கோயில். பதினாறாம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் எடுத்ததென்பர். கோபுரவாயிலின் பக்கங்களிற் பாற்கடல் கடைந்ததும் இராமகாதையும் புடைப்புருவங்களாக விளங்குகின்றன. புதுவையைச் சேர்ந்த அறிஞர் ழுவோ துப்ரேய், தென்னாட்டுக் கோயில்களின் காலத்தைத் தூணின் தலைமேலுள்ள போதிகை ஒன்றைக்கொண்டே வரையறுக்கலாமென்று 1914இல் வெளியிட்ட தம் நூலிற் காட்டினார். பல்லவர் போதிகையின் எளிமை சோழரிடம் வெட்டுப்போதிகையாகி, விசயநகரத்தார் காலத்துக் கவிழ்ந்த மொட்டாகத் தொங்குவதை அவர் படிப்படியாக எடுத்துரைத்தார். தாமரை மொட்டுப் போன்ற ஒரு முழ நீளக் கல் நானூறு ஆண்டுக் கணக்கைச் சொல்லுமாயின், அதனைச் சுண்ணத்தாலோ சிமெண்டாலோ மூடுவார் செய்யும் இழப்பு எத்துணை!

அத்தகைய தூண்களே செஞ்சியைவிட்டுப் பெயர்ந்த கதையும் உண்டு. புதுச்சேரிக் கடற்கரையில் இன்று காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் ஒற்றைக்கல் நெடுந்தூண்கள் பிரெஞ்சுக்காரராற் செஞ்சியினின்று கொண்டுசெல்லப்பட்டவை. வேலைப்பாட்டிற் குறைவில்லை, கண்டோர் வியக்கின்றனர். ஆயினும் அவற்றின்மேல் உத்தரம் இல்லை, பாவுகல் இல்லை, நிழலில்லை. மண்டபத்திற் பாரம் சுமந்தபோது உறுப்பாய் இருந்தது, கடற்கரையில் அணியாய் நிற்கின்றது.

திருப்பணி செய்வார்க்கு இஃதெல்லாம் பயன்படுமோ எனின், சீர்ணோத்தாரணம் கூறும் ஆகமங்களின் கருத்து, பழுதுற்றதைப் புதுக்குங்கால் முன்னிருந்த வகையும் அளவும் மாறலாகாதென்பதே. நடைமுறையோ வேறாக உள்ளது. காற்றோடத் திறந்த நூற்றுக்கால் மண்டபத்தைச் சுவரெடுத்து அடைத்து அலுவலறையாக்குகின்றனர். வட்டக் களஞ்சியத்தைப் பயனற்றதென இடித்து வாகனம் நிறுத்த இடம் செய்கின்றனர். மடைப்பள்ளியின் புகைபோக்கியை அழகின்மை கருதி அடைத்துவிட்டுப் பிறகு கரும்புகையைத் துடைக்கின்றனர். பொருள் கொடுப்பார் நல்லெண்ணத்தோடேதான் கொடுக்கின்றனர். இடிக்கும் முன் இது எவ்வகைக் கட்டடம் என்று கேட்பார்தாம் அரியர். சுண்ணச் சுவரின்மேற் சிமெண்டு பூசின் உள்ளீரம் வெளியேற வழியின்றிச் செங்கல் பொடியும் என்பதைக் கொத்தர் பலர் அறிவர். அவரைக் கேளாமல் தீர்மானம் நிறைவேறுகின்றது.

செஞ்சிக்கோட்டை 1921 முதல் பாதுகாக்கப்பட்ட சின்னம். 2025 சூலையில் மராட்டியர் படைநிலைக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. தமிழகத்தினின்று அவ்வரிசையிற் சென்றது இஃதொன்றே. மராட்டியர் பெயரால் வந்த பெருமையாயினும், காண வருவார் பெரிதும் நின்று நோக்கப்போவது நாயக்கர் கட்டிய மாளிகையையும் களஞ்சியத்தையும் என்பது ஒரு வேடிக்கை.

இராசகிரியின் உச்சிக்குச் செல்லும் வழியில் ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பிளவொன்று குறுக்கிடுகின்றது, அதன்மேற் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சிறு கூட்டம் பெரும்படையைத் தடுத்துவிடலாம். அதற்குக் கீழே, மலையேறும் வழியிற் கமலக்கன்னி அம்மன் கோயில் உள்ளது. வேங்கடரமணர் கோயிலின் பரப்புக்கு முன் இதன் அளவு மிகச் சிறிது. சிற்பநூல் இலக்கணம் பேசுவார் இதன்முன் நெடிது நிற்பதில்லை. மன்னரும் நவாபும் கும்பினியாரும் போயினர். பெருங்கோயிலின் தூண்கள் கடற்கரை சேர்ந்தன. சித்திரைத் திருவிழாவின்போது செஞ்சி நகரத்தாரும் சுற்றூர் மக்களும் களஞ்சியத்தையும் கலியாண மகாலையும் கடந்து, குழந்தைகளைத் தோளிற் சுமந்து, அச்சிறு கோயிலுக்குப் படியேறுகின்றனர்.